இருண்ட அறையும் எழுத்துள்ள கல்லும்



வரலாற்றுத் துப்பறியும் கதை ஏட்டிலும் திரையிலும் எப்படி வாழ்கிறது என்பதைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். இந்த வகையில் ஜப்பானியர்கள் நூறாண்டுக்கு மேலாக எழுதி வருகிறார்கள். அங்கே தொடங்கி, இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில் வந்து முடிக்கப் போகிறேன். தமிழ் வரலாற்றின் மிகப் பெரிய கொலை வழக்கில் மாண்டவனுக்கு அதுதான் தாய் பிறந்த மண்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மா கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பசை தடவி, காலிகோ அட்டை போட்டு வைத்திருந்தார். மொத்தம் ஐந்து தொகுதிகள். ஒரு பக்கம் கதை, மறுபக்கம் தைல விளம்பரம். பன்னிரண்டு வயதில் அதைப் படிக்கத் தொடங்கினேன். ஐந்தாம் தொகுதியில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகப் போகும் இடத்தில் இரண்டு தாள்களைக் காணவில்லை. தையல் நூலில் கிழிந்த விளிம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவில் படித்தவர்களையெல்லாம் தேடிப்போய்க் கேட்டேன். அத்தை, நந்தினிதான் கொன்றாள் என்றார். அடுத்த வீட்டுத் தபால்காரர், பழுவேட்டரையர் எறிந்த கத்தி என்றார். கணக்கு வாத்தியார், ரவிதாசன் கூட்டம் என்றார். பல மாதம் கழித்து நூலகத்தில் முழுப் புத்தகம் கிடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படித்தேன். மூன்று பேரும் சரியாகத்தான் படித்திருந்தார்கள். காணாமல் போன தாளிலும் விடை இல்லை.

அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தில் ஒரு பெரிய பாடம் இருந்தது என்பது பின்னால்தான் விளங்கியது. இன்றைய என் பேச்சு அந்தப் பாடம்தான்.

எதோ நகரத்துப் பதிவேடு

1917ஆம் ஆண்டு, ஒகமோதோ கிதோ என்ற ஜப்பானிய எழுத்தாளர் ஹன்ஷிச்சி என்ற துப்பறிவாளனைப் படைத்தார். கிதோ நாடக ஆசிரியர், பத்திரிகையாளர், பழைய சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படித்த ஆர்வத்தில், அதே போன்ற ஒருவன் நம் பழைய எதோ நகரத்தில் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணினார். எதோ என்பது தோக்கியோவின் பழைய பெயர். 1868இல்தான் பெயர் மாறியது.

ஹன்ஷிச்சி பெரிய அதிகாரி அல்லன். காவல் அதிகாரிகளுக்குக் கீழே தெருத் தெருவாக அலைந்து செய்தி சேர்க்கும் கடைநிலை ஆள். முதுமையில் அவன் தன் பழைய வழக்குகளை ஓர் இளம் பத்திரிகைக்காரருக்குச் சொல்வதாகக் கதைகள் அமைந்திருக்கின்றன. அந்த அமைப்பில்தான் நுட்பம் இருக்கிறது. கேட்பவன் ரயிலும் தந்தியும் வந்துவிட்ட புதிய நகரத்துக்காரன். சொல்பவனின் நகரமோ மறைந்துவிட்டது. திருவிழாக்கள், மீன் சந்தை, கூத்துக் கொட்டகை, தீ விபத்தை அறிவிக்கும் மணிக்கூண்டு எல்லாம் வழக்கோடு சேர்ந்து வருகின்றன. 1923ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்தில் பழைய நகரத்தில் மிச்சமிருந்ததும் எரிந்தது. கிதோவின் வீடும் நூல்களும் அதில் போயின. அதன் பிறகும் அவர் ஹன்ஷிச்சியை எழுதினார். இந்தக் கதைகளுக்கு ‘தோரிமோனோச்சோ’ என்று பெயர். குற்றவாளிகளைப் பிடித்த விவரம் எழுதும் பதிவேடு என்பது பொருள். கிதோ எழுதியதோ ஒரு நகரத்தையே காப்பாற்றி வைத்த பதிவேடு.

அவர் போட்ட பாதையில் பலர் வந்தார்கள். நொமுரா கோதோ 1931 முதல் 1957 வரை செனிகதா ஹெய்ஜி என்ற துப்பறிவாளனை வைத்து 383 கதைகள் எழுதினார். ஓடும் திருடன் மேல் காசைச் சுண்டி எறிந்து நிறுத்துவது ஹெய்ஜியின் வித்தை. அந்தக் காசு வீச்சு திரையில் அவனுக்கு முத்திரை ஆயிற்று. ஒகாவா ஹாஷிசோ நடித்த தொலைக்காட்சித் தொடர் 1966இல் தொடங்கி 1984 வரை 888 பகுதிகள் ஓடியது. இக்கெனாமி ஷோதாரோ 1967 முதல் ‘ஒனிஹெய்’ வரிசையை எழுதினார். அதன் நாயகன் ஹசெகவா ஹெய்ஸோ, பதினெட்டாம் நூற்றாண்டில் உண்மையிலேயே வாழ்ந்த காவல் தலைவர். வேலையற்றுத் திரிந்தோருக்குத் தொழில் பழக்கும் இல்லம் ஒன்றை 1790இல் எதோவில் அமைத்தவர். இந்தப் பாத்திரத்தைத் தொலைக்காட்சியில் முதலில் ஏற்றவர் ஒரு கபுகி நடிகர். பின்னர் அவருடைய மகன் நக்கமுரா கிச்சியெமோன் 1989 முதல் 2016 வரை அதே பாத்திரத்தை ஏற்றார். அப்பன் போட்ட வேடத்தை மகன் போடுவது நம் தெருக்கூத்துக்காரர்களுக்குப் பழகிய செய்தி.

இந்த மூன்று வரிசைகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வழக்கு முடிந்துவிடும். குற்றவாளி பிடிபடுவான். காலம் மறைந்தாலும் நீதி கிடைத்தது என்ற ஆறுதல் வாசகருக்கு உண்டு. நம்முடைய பெரிய வழக்கில் அந்த ஆறுதல் இல்லை.

வந்தியத்தேவன் கேட்ட குரல்கள்

கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். மணியம் படம் வரைந்தார். அதைச் சரித்திர நாவல் என்கிறோம், காதல் கதை என்கிறோம். அதன் எலும்புக்கூடு துப்பறியும் கதை. நாயகன் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் ஓர் இரவு தங்கி, நள்ளிரவில் சிற்றரசர்கள் பேசும் சதியை ஒளிந்திருந்து கேட்கிறான். அங்கே பிடித்த நூல்தான் ஐந்து பாகமும் ஓடுகிறது. ஓலை கொண்டுபோகிறவன், மறைந்து கேட்கிறவன், தவறான இடத்தில் நின்று பழி சுமக்கிறவன் என்று அவன் செய்வதெல்லாம் துப்பறிவாளனின் வேலை. அவனுக்குத் துணையாக முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயரின் ஒற்றன் ஆழ்வார்க்கடியான். குடுமியும் கைத்தடியும் வைணவச் சண்டையுமாக அவன் ஊர் ஊராகத் திரிவது ஹன்ஷிச்சி எதோ தெருக்களில் திரிவதற்கு இணை.

கொலை நடக்கும் இடத்துக்கு வருவோம். கடம்பூர் மாளிகையின் அறையில் கரிகாலன், நந்தினி, ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன், வேடம் மாறி வந்த பெரிய பழுவேட்டரையர், அருகே ரவிதாசன் கூட்டம். எல்லோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்த கல்கி, அந்தக் கணத்தில் அறையை இருளாக்கிவிடுகிறார். இருள் விலகும்போது கரிகாலன் கிடக்கிறான். பின்னால் வந்தியத்தேவன் மேல் பழி விழுகிறது. அவனைக் காப்பாற்றக் கடம்பூர் இளவரசி மணிமேகலை, நான்தான் கொன்றேன் என்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் தாமே கொன்றதாகச் சொல்கிறார். வாக்குமூலங்கள் ஒன்றுக்கு இரண்டாக இருக்கின்றன. கண்ணால் கண்ட சாட்சி ஒன்றுகூட இல்லை.

எழுதத் தெரியாமல் கல்கி இதை மங்கலாக விடவில்லை. அவர் கையில் இருந்த சான்று அவ்வளவுதான் பேசியது.

உடையார்குடிக் கல்

காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு என்பார்கள். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரச ஆணையை அது பதிவு செய்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயர்களைச் சொல்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம். அவர்களும் அவர்கள் உறவினரும் வைத்திருந்த நிலங்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஆணை.

கொலை நடந்தது ஏறத்தாழ 970ஆம் ஆண்டை ஒட்டி. இராஜராஜன் அரியணை ஏறியது 985இல். இடையில் ஆண்டவர் உத்தம சோழர். அப்படியானால் இத்தனை ஆண்டு இந்த நிலங்கள் ஏன் அவர்கள் உறவினர் கையில் இருந்தன? உத்தம சோழருக்குக் கொலையில் பங்கு இருந்திருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். அந்தக் கல்வெட்டு தண்டனை வழங்கிய முதல் ஆணை அல்ல, முன்பே முடிந்த வழக்கில் எஞ்சிய நிலத்தின் கணக்கைத் தீர்த்த பதிவு என்று வாதிடுவோரும் உண்டு. திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னும் ஒதுங்கிப் போகிறது. ஆதித்தன் வானுலகைக் காண விரும்பிச் சென்றான் என்று அழகாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

ஆக, கல் பெயரைச் சொன்னது. எந்தக் கை, எந்தக் காரணம், யார் தூண்டியது என்பதைச் சொல்லவில்லை. கல்கி அந்த எல்லையை மதித்தார். பெயரைக் கல்லிலிருந்து எடுத்தார், காரணங்களைக் கற்பனையிலிருந்து எடுத்தார், கல் மௌனமான இடத்தில் அறையை இருட்டாக்கினார். வரலாற்றை வைத்துக் கதை எழுதுகிறவனின் நேர்மை என்று இதைத்தான் சொல்வேன்.

கேமராவுக்கு இருட்டு ஒத்துவராது

திரைக்கு வந்தால் சிக்கல் தொடங்குகிறது. ஏட்டில் இருளை ஒரு வரியில் கொண்டுவரலாம். திரையில் இரண்டு பாகம் காத்திருந்த ரசிகனின் கண்முன் விளக்கை அணைத்தால், அவன் கையில் இருந்ததைப் பிடுங்கியதுபோல் ஆகிவிடும்.

இந்த நாவலைத் திரைக்குக் கொண்டுவர எம்.ஜி.ஆர். 1958இலேயே முயன்றார். நிறைவேறவில்லை. 1999இல் ‘மேஜிக் லேண்டர்ன்’ நாடகக் குழு மேடையேற்றியது. நாடகப் பிரதியை எழுதிய இளங்கோ குமரவேல் பின்னாளில் மணிரத்னத்தின் திரைக்கதையிலும் பங்கேற்றார். வசனம் ஜெயமோகன். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வந்தன.

மணிரத்னம் என்ன செய்தார்? விக்ரமின் கரிகாலனையும் ஐசுவர்யா ராயின் நந்தினியையும் நேருக்கு நேர் நிறுத்தி, இளவயதுக் காதலை அந்தக் கணத்தின் மையமாக்கினார். யார் குற்றவாளி என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி, சாவைத் தேடி வந்தவன் எப்படிச் செத்தான் என்ற கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தார். நாவலை நெஞ்சில் சுமந்த பலருக்கு மனக்குறை உண்டு. எனக்கு இல்லை. கேமராவால் இருட்டைக் காட்ட முடியாதபோது முகத்தைக் காட்டியாக வேண்டும். விக்ரமின் முகத்தில் தெரிந்த களைப்பு, கல்வெட்டின் மௌனத்துக்குத் திரை தேடிக்கொண்ட மாற்றுச் சொல். கொலையாளியின் பெயரை உரக்கச் சொல்லி வழக்கை மூடியிருந்தால் எனக்கும் வருத்தம் வந்திருக்கும்.

ஆனால் நாவலில் இருந்து திரையில் இளைத்துப்போன ஒருவரைப் பற்றி இந்த மாவட்டத்தில் நின்று பேசாமல் இருக்க முடியாது. அவர் திருக்கோவலூர் மலையமான் மிலாடுடையார், கரிகாலனின் தாய்வழிப் பாட்டன். நாவலில் மாமல்லபுரத்துக் காட்சியிலேயே வருகிறார். பேரனைக் கடம்பூருக்குப் போகாதே என்று தடுக்கிறார். பேரன் மாண்ட பிறகு அந்தக் கிழவரின் துயரத்துக்குக் கல்கி ஓர் அத்தியாயத்தையே கொடுத்தார். திரையில் லால் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். காட்சிகள் கொஞ்சம்தான். நேரக் கணக்கில் பாட்டன்மார்தான் முதலில் வெட்டுப்படுகிறார்கள்.

கீழையூர் வீரட்டானம்

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். திருக்கோவிலூர்க் கீழையூரில், தென்பெண்ணையின் கரையில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. பக்கத்தில் ஆற்றுக்குள் கபிலர்க்கல். பாரியின் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த இடம் என்ற செய்தி இந்தக் கோயிலின் இராஜராஜன் காலக் கல்வெட்டில் இருக்கிறது. இன்னொரு செய்தியும் இங்கே கல்லில் இருக்கிறது. இராஜராஜனைப் பெற்ற வானவன் மாதேவி, மலையமான் குலத்துப் பெண், பால்குடிப் பிள்ளையைப் பிரிந்து கணவனோடு தீயில் புகுந்தாள் என்பது அது. அந்தக் கணவன் சுந்தர சோழன். காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர் நீத்தவன்.

அந்தப் பால்குடிப் பிள்ளை யார் என்பது இன்றும் பேசித் தீராத கேள்வி. அது ஒருபுறம் இருக்கட்டும். இராஜராஜனின் தாய்தான் கரிகாலனுக்கும் தாய். உடையார்குடிக் கல்லையும் கீழையூர்க் கல்லையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று குற்றவாளிகளின் பெயரையும் அவர்கள் நிலத்தையும் பேசுகிறது. மற்றது, மூத்த மகனைக் கொலைக்குக் கொடுத்து, சில ஆண்டுக்குள் கணவனையும் இழந்து, நெருப்புக்குப் போன பெண்ணைப் பேசுகிறது. முதல் கல்லை வைத்து எத்தனையோ நூல்கள், நாவல்கள், நாடகம், இரண்டு பாகத் திரைப்படம். இரண்டாம் கல்லை வைத்து எழுதியவர் எத்தனை பேர்? தஞ்சைப் பெரிய கோயிலில் தாய்க்கும் தந்தைக்கும் படிமம் எடுத்து வைத்த குந்தவைதான் அவளை முறையாக நினைத்தவள். மகள் செய்த கடனை ஆயிரம் ஆண்டாக வேறு யாரும் தொடரவில்லை.

கொன்றது யார் என்ற கேள்வி தஞ்சைக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் உரியது. பெற்றவள் என்ன ஆனாள் என்ற கேள்வி நமக்கு உரியது. தாய்வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி அது.

மைப்படியில் எழுந்த எழுத்து

கல்லூரி நாளில், கல்வராயன் மலையடிவாரத்து வயல் ஒன்றில் நடுகல்லுக்குப் படி எடுக்கப் போன ஆய்வாளருக்கு உதவியாள் ஆனேன். கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினோம். ஈரத்தாளை அதன்மேல் விரித்து, குமிழி இல்லாமல் நீவினோம். பிறகு அவர் தூரிகையால் தாளைத் தட்டத் தொடங்கினார். அரை மணி நேரம் தட்டினார். தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் மெல்ல அமிழ்ந்தது. மை தொட்ட துணிப்பந்தால் ஒற்றியபோது, கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. சுற்றி நின்ற ஊரார் சத்தம் இல்லாமல் பார்த்தார்கள். அதுவரை அந்தக் கல்லில் துணி துவைத்து வந்த அம்மா ஒருவர், “இத்தனை நாளா ஒரு ஆளு மேலயா அடிச்சுத் தொவச்சேன்?” என்று கேட்டார்.

துப்பறிதல் என்பது இதுதான். அடிப்பதை நிறுத்திவிட்டுத் தட்டிப் பார்ப்பது.

நடுகல் ஒவ்வொன்றும் ஒரு வழக்கின் சுருக்கம். எந்த அரசன், எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யார், எதற்காகப் பட்டான் என்று நான்கைந்து வரிகளில் முடித்துவிடும். பக்கத்து மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவகத்தியின் உருவம் அதில் உண்டு. அருகே அவன் நாய் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஓர் ஊர், தன் வழக்கின் சாட்சியாக ஒரு நாயின் பெயரைக்கூட மறக்காமல் பொறித்து வைத்திருக்கிறது. ஹன்ஷிச்சியின் பதிவேட்டுக்கு இது எந்த வகையில் குறைந்தது?

மலைக்கு மேலேயும் திறக்காத கட்டுகள் உண்டு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகக் கிளம்பி ஆளுக்கொரு மலை ஏறியதாகத் தங்கள் பூர்வகதையைச் சொல்கிறார்கள். ஏன் கிளம்பினார்கள்? யாருக்கு அஞ்சி? சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் ஆட்சி இங்கே 1976 வரை நீடித்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் வேறொரு காலத்தில் வாழ்ந்த மலை இது. அந்த நாளில் ஊர்ச் சண்டையை மூப்பன் எப்படித் தீர்த்தார், காணாமல் போன மாட்டுக்கு யார் துப்புச் சொன்னார், மலைக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே நடந்த வழக்கை யார் கேட்டார் என்பதையெல்லாம் சொல்லக்கூடிய முதியவர்கள் வெள்ளிமலைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஹன்ஷிச்சி தாத்தா அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே குறிப்பேடு பிடித்து உட்கார வேண்டிய இளம் பத்திரிகைக்காரர்தான் இன்னும் மலை ஏறவில்லை.

மாணவர்களே, அந்த இடம் உங்களுக்கானது. எழுதப் போகும்போது கல்கியிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த இடத்தில் பெயரைச் சொல்லுங்கள். தெரியாத இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். பொய்யான ஒரு கொலையாளியைக் காட்டி வாசகனைத் திருப்திப்படுத்துவதைவிட, உண்மையான ஓர் இருட்டில் அவனை நிறுத்துவது மேல். செத்தவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அது.

அம்மா தைத்த அந்த ஐந்தாம் தொகுதி இன்னும் என்னிடம் இருக்கிறது. காணாமல் போன இரண்டு தாள்களை நகலெடுத்து ஒட்டிவிடலாம் என்று பலமுறை எண்ணியதுண்டு. ஒட்டவில்லை. சென்ற மாதம் கீழையூர் போய், வானவன் மாதேவியைச் சொல்லும் கல்வெட்டின் வாசகத்தை என் கையால் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாளைத்தான் கிழிந்த இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறேன்.